டியூப் வழியா கஞ்சி ஊத்துற கனெக்டருக்குப் பேட்டன்ட் வாங்கின கதை: நீங்க கேட்ட கேள்விகளும் என் பதிலும்

கொழிஞ்சாம்பாறையில இருந்து எழுதறேங்க. பன்னெண்டு வருஷம் ஸ்டாஃப் நர்ஸா கோயமுத்தூர்ல வேலை பாத்தேன், அப்புறம் எங்க அத்தைக்கு, அதாவது மாமியாருக்கு, ஸ்ட்ரோக் வந்து முழுங்க முடியாமப் போனதுல வேலைய விட்டுட்டு வீட்லயே அவங்களப் பாத்துக்கிட்டேன். அந்த நேரத்துல நானும் என் தம்பியும் (அவன் குறிச்சி சிட்கோவுல சின்னதா ஒரு டூல் ரூம் வெச்சிருக்கான்) சேந்து பீடிங் டியூப் கனெக்டருக்கு ஒரு மூடி செஞ்சோம், அதுக்குப் பேட்டன்டும் கிடைச்சுது. அதுக்கப்புறம் போன்ல, நேர்ல, படுத்த படுக்கையா இருக்கறவங்களப் பாத்துக்கற பஞ்சாயத்து பாலியேட்டிவ் கூட்டத்துலன்னு எல்லாரும் ஒரே மாதிரி கேள்வியத்தான் கேக்கறாங்க, அதனால எல்லாத்துக்கும் ஒரே இடத்துல பதில் எழுதிடறேன்.

அக்கா, மொதல்ல இந்த கனெக்டர்னா என்ன? அதுல என்ன பெரிய விஷயம் இருக்கு?

மூக்கு வழியா வயித்துக்குப் போற டியூப் இருக்குல்ல, நம்ம ஊர்ல ரைல்ஸ் டியூப்னு சொல்றது, இல்லாட்டி வயித்துல நேரா ஓட்டை போட்டு வெக்கிற பெக் டியூப், அதோட வெளி முனையும் கஞ்சி ஊத்துற சிரிஞ்சும் சேர்ற இடம்தான் கனெக்டர். பாக்க விரல் நுனி சைஸ்தான் இருக்கும். ஆனா ஆஸ்பத்திரியில ஒரு நோயாளி உடம்புல ஒரே நேரத்துல நாலஞ்சு டியூப் இருக்கும், ரத்தக்குழாய்க்கு ஒண்ணு, வயித்துக்கு ஒண்ணு, யூரினுக்கு ஒண்ணு. எல்லாத்தோட வாயும் ஒரே மாதிரி இருந்தா ராத்திரி ரெண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்துல இருக்கற கை, வயித்துக்குப் போக வேண்டிய பால ரத்தக்குழாய்க்குள்ள தள்ளிடும். தவறிப்போய் ரத்தக்குழாய் வழியா பால் ஏறின கேஸ் 1972லயே மருத்துவப் பத்திரிகையில பதிவாகியிருக்கு. இதுல ஆளுங்களே செத்துருக்காங்க.

காரணம் லூயர்ங்கற பழைய வடிவம். ஊசி போடற சிரிஞ்சோட முனையில 6 சதவீதச் சரிவு ஒண்ணு இருக்கும், பாரிஸ்ல 1800கள் கடைசியில வந்தது, எல்லாத்துக்கும் பொருந்துறதாலதான் அவ்வளவு பரவிச்சு, எல்லாத்துக்கும் பொருந்துறதுதான் ஆபத்தும். குழந்தைங்களுக்குப் போடற சின்ன பீடிங் டியூப்ல இன்னிக்கும் லூயர் சிரிஞ்சு சொருகற மாதிரி வாய் வருது, நான் வேலை பாத்த ஒரு இடத்துல பால் இருந்த சிரிஞ்ச எடுத்துட்டு ஐவி லைன் பக்கம் போன கைய நானே புடிச்சு நிறுத்தியிருக்கேன். அந்தப் பொண்ணு அன்னிக்கு ரெண்டாவது ஷிப்ட்ட சேத்துப் பாத்துட்டு இருந்தா. அவ மேல எனக்கு இன்னிக்கும் கோபமில்ல. பொருந்தக்கூடாதது பொருந்துற மாதிரி ஒரு பொருளச் செஞ்சு கையில குடுத்துட்டு, கவனமா இருன்னு சொல்றது நியாயமில்லைங்க.

என்பிட்னு சொல்றாங்களே, அது இதானா?

ஆமா. வயித்து டியூபுக்குன்னு தனியா ஒரு வடிவம், லூயரோட சேரவே சேராத சைஸ். ஐ.எஸ்.ஓ. 80369-3ன்னு 2016ல ஸ்டாண்டர்டா வந்துச்சு. அந்தக் குடும்பத்துல முதுகுத்தண்டு ஊசிக்கு 80369-6, ரத்தக்குழாய்க்கு லூயரே 80369-7ன்னு தனித்தனியா இருக்கு. என்பிட்ல டியூப் பக்கம் நடுவுல ஒரு குச்சி, அதச் சுத்தி உள்பக்கம் மரை போட்ட ஒரு வளையம். சிரிஞ்சு பக்கம் பொந்து. வெச்சுத் திருகினா பிடிச்சுக்கும், இழுத்தா வராது.

நல்ல விஷயம்தான். ஆனா அந்தக் குச்சிக்கும் வளையத்துக்கும் நடுவுல ஒரு பள்ளம் இருக்கு பாருங்க, கோட்டையச் சுத்தி அகழி மாதிரி, அதுல கஞ்சி தேங்கிடும். டப்பாவுல வர்ற நைசான பீடிங் பவுடரக் கரைச்சு ஊத்தறப்பவே ஒட்டும்னா, நம்ம வீட்ல ராகிக் கூழும் சத்துமாவும் ஊத்தறோம், கேக்கணுமா. ஒரு நாள் கழுவாம விட்டா புளிச்சு நாறும், ரெண்டாம் நாள் மரையில காஞ்சு போய் சிரிஞ்சு முழுசாத் திருகாது, திருகலன்னா ஊத்தறப்ப தெறிச்சு வரும். சின்ன டூத்பிரஷ் வெச்சுத் தேய்க்கச் சொல்லித் தருவாங்க. எங்க அத்தை மூக்குப் பக்கத்துல டியூபப் பிடிச்சுக்கிட்டு டூத்பிரஷ் வெச்சுத் தேச்சா அவங்களுக்கு டியூப் தொண்டையில ஆடும், கண்ணுல தண்ணி வரும். அதப் பாத்துப் பாத்துதான் இந்த மூடியே யோசிச்சோம்.

நீங்க செஞ்சது என்ன? வெளிய சொல்லலாமா?

பேட்டன்ட்னாலே வெளிய சொல்றதுதாங்க. 20 வருஷம் வேற யாரும் செய்யாம தடுக்கற உரிமைய அரசு தருது, பதிலுக்கு நம்ம எப்படிச் செஞ்சோம்ங்கறத ஒண்ணும் மறைக்காம எழுதிக் குடுக்கணும், அதான் ஒப்பந்தம்.

மூடிக்கு உள்ள சிலிகான்ல சின்னச் சின்ன இதழ். மூடியத் திருகி மூடறப்ப இதழ் அந்தப் பள்ளத்துல இறங்கிச் சுத்திவந்து கஞ்சிய வழிச்சு, மூடியோட பக்கவாட்டுல இருக்கற ஒரு சன்னல் வழியா வெளிய தள்ளிடும், துணியால துடைச்சா முடிஞ்சது. கனெக்டரோட அளவு எதையும் தொடல. அதத் தொட்டா ஸ்டாண்டர்ட்ல இருந்து வெளிய போயிடும், எதோட சேரக்கூடாதுன்னு அவ்வளவு பாடுபட்டாங்களோ அதோட சேர்ற நிலைமை திரும்ப வந்துடும்னு ஆரம்பத்துலயே முடிவு பண்ணிட்டோம்.

பாலக்காடு ஜில்லாவுல இருக்கீங்க, உங்க தம்பி தமிழ்நாட்டுல. எந்த ஆபீஸ்ல போடணும்?

ரெண்டுக்கும் ஒண்ணுதான். இந்தியாவுல பேட்டன்ட் ஆபீஸ் நாலு இடத்துல, கொல்கத்தா, டெல்லி, மும்பை, சென்னை. தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா, ஆந்திரா, தெலங்கானா, புதுச்சேரி, லட்சத்தீவு எல்லாம் சென்னைக்குக் கீழ, கிண்டியில ஆபீஸ். வேலந்தாவளம் செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம் இருந்தாலும் அந்தப் பக்கம் இருந்தாலும் ஒரே வாசல், ஆந்திராவுல சித்தூர், நகரி பக்கம் இருக்கறவங்களுக்கும் அதேதான். நேர்ல போக வேண்டியதும் இல்ல, எல்லாம் ஆன்லைன், ஹியரிங்கும் வீடியோ கால்தான்.

தமிழ்ல எழுதிக் குடுக்கலாமா?

முடியாதுங்க. இங்கிலீஷ் இல்ல ஹிந்தி, ரூல் அப்படித்தான் இருக்கு. ஆனா மொத நோட்ட நான் தமிழ்லதான் எழுதினேன், உங்களுக்கும் அதத்தான் சொல்வேன். கையில என்ன நடக்குதுங்கறத நம்ம பாஷையில எழுதினாத்தான் ஒண்ணும் விடாம வரும், அதுக்கப்புறம் மாத்திக்கலாம்.

செலவு எவ்வளவு ஆச்சு?

அரசு பீஸ் தனி ஆளுக்கும் ஸ்டார்ட்அப்புக்கும் ரொம்பக் கம்மி. ஆன்லைன்ல போட்டா அப்ளிகேஷனுக்கு 1,600 ரூபா, சீக்கிரம் பப்ளிஷ் பண்ணச் சொல்ற படிவம் 9க்கு 2,500, எக்ஸாமின் பண்ணுங்கன்னு கேக்கற படிவம் 18க்கு 4,000. 30 பக்கத்துக்கு மேல போனா பக்கத்துக்கு 160, கிளெய்ம் (எதுக்கெல்லாம் உரிமை கேக்கறோம்னு நம்பர் போட்டு எழுதற வரி) பத்துக்கு மேல போனா ஒவ்வொண்ணுக்கும் 320. நமக்காக எழுதிக் குடுக்கற பேட்டன்ட் ஏஜென்டோட பீஸ்தான் ஆளுக்கு ஆள் மாறும், அத முன்னாடியே எழுத்துல வாங்கிக்குங்க, எஃப்.இ.ஆர்.ங்கற மொத எக்ஸாமினேஷன் ரிப்போர்ட்டுக்கு எழுதற பதிலுக்கும் ஹியரிங்குக்கும் தனியா கேப்பாங்களாங்கறதையும் சேத்துக் கேட்டுக்குங்க.

எக்ஸாமினேஷன் தானா நடக்காதா?

நடக்காது! இதுல ஏமாந்தவங்க நிறைய பேரு. அப்ளிகேஷன் போட்டாச்சு, நம்பர் வந்தாச்சு, 18 மாசத்துல பப்ளிஷும் ஆயிடுச்சுன்னு உக்காந்திருப்பாங்க, எக்ஸாமின் பண்ணச் சொல்லித் தனியா கேட்டாத்தான் பண்ணுவாங்க. முன்னாடி அதுக்கு 48 மாசம் டைம் இருந்துச்சு, 2024 மார்ச்சுல ரூல மாத்தி 31 மாசமாக்கிட்டாங்க. அதுக்கப்புறம் போட்ட அப்ளிகேஷனுக்கெல்லாம் 31தான். தாண்டினா அப்ளிகேஷன வாபஸ் வாங்கிட்டதா எடுத்துக்குவாங்க.

இன்னொண்ணு, பொண்ணுங்க நிறைய பேருக்குத் தெரியல, அதனால அழுத்திச் சொல்றேன். அப்ளிகன்ட் தனி நபர்களா இருந்து அதுல ஒருத்தராவது பெண்ணா இருந்தா, சீக்கிரமா எக்ஸாமின் பண்ணச் சொல்லி படிவம் 18ஏ போடலாம், 8,000 ரூபா, கூடவே படிவம் 9ம் போடணும். நாங்க அப்படித்தான் போட்டோம். அதுக்காக வீட்டுப் பொண்ணு பேர சும்மா சேக்காதீங்க, அப்ளிகன்ட்னா உரிமைல பங்கு உள்ளவங்க. உண்மையா யோசிச்ச பொண்ணு பேர விட்டுடவும் விட்டுடாதீங்க, கண்டுபிடிச்சவங்க பேர்ல யார் யார்னு படிவத்துல உண்மையா எழுதணும். எங்க டூல் ரூம் பசங்க கூட ஆரம்பத்துல தம்பி பேருதான் மொதல்ல வரும்னு நெனச்சாங்க. தம்பிதான் சொன்னான், ராத்திரி டியூபக் கழுவினது அக்கா, அவ பேரு மொதல்ல போடுன்னு.

எக்ஸாமினர் என்னதான் பாக்கறாங்க?

புதுசா, ஏற்கனவே தெரிஞ்சத வெச்சு அந்தத் துறை ஆளு சட்டுன்னு யோசிச்சுடற விஷயமா, தொழில்ல செய்யற மாதிரி இருக்கா, சட்டத்துல கூடாதுன்னு சொன்ன பட்டியல்ல வருதா, எழுத்து தெளிவா இருக்கா. இவ்வளவும் பாத்துட்டு ரிப்போர்ட் குடுப்பாங்க, முடிவு பண்றது எக்ஸாமினர் இல்ல, அவங்களுக்கு மேல இருக்கற அதிகாரி, கண்ட்ரோலர்.

முன்னாடியே உலகத்துல வந்த பேட்டன்டுங்களத் தேடுவாங்க. பீடிங் டியூப்னா ஏ61ஜே 15ங்கற வகை, டியூப் கனெக்டர்னா ஏ61எம் 39. நீங்களும் மொதல்ல அதே ரெண்டு வகையில காசில்லாமத் தேடலாம், வைப்போங்கற உலக அறிவுசார் சொத்து அமைப்பு நடத்தற பேட்டன்ட்ஸ்கோப், ஐரோப்பிய ஆபீஸோட எஸ்பாஸ்நெட், நம்ம இந்திய ஆபீஸோட இன்பாஸ் எல்லாம் இருக்கு. நான் மூணு வாரம் தினமும் அத்தைக்கு மத்தியானக் கஞ்சி ஊத்திட்டு அவங்க தூங்கறப்ப உக்காந்து தேடினேன். அந்த மூணு வாரம்தான் எனக்கு இந்தத் துறையையே கத்துக் குடுத்துச்சு. எத்தன பேரு எத்தன நாட்டுல இதே பள்ளத்தப் பாத்துக் கவலப்பட்டிருக்காங்கன்னு தெரிஞ்சப்ப தனியா இல்லன்னு ஒரு தெம்பு வந்துச்சு.

எஃப்.இ.ஆர்.ல என்ன வந்துச்சு? பயந்துட்டீங்களா?

பயந்துட்டேன். மொத ரிப்போர்ட்டத்தான் எஃப்.இ.ஆர்.ங்கறது, அதப் படிச்சா எல்லாமே தப்புன்னு எழுதின மாதிரி இருக்கும். அழுதுட்டேன், தம்பிக்கு போன் பண்ணி போச்சுடான்னு சொன்னேன். எங்க ஏஜென்ட் அம்மாதான், இது நிராகரிப்பு இல்ல, இது கேள்வித்தாள், ஆறு மாசம் டைம் இருக்கு, தேவைன்னா இன்னும் மூணு மாசம் கேக்கலாம், மொதல்ல சாப்பிடுன்னு சொன்னாங்க.

எங்களுக்கு வந்ததுல பெரிய ஆட்சேபம் நாலு.

மொதலாவது, நோயாளிக்கு உணவு குடுக்கற முறைன்னு ஒரு கிளெய்ம் எழுதியிருந்தோம். பேட்டன்ட் சட்டம் பிரிவு 3(ஐ) படி மனுஷனுக்குச் செய்யற வைத்திய முறைக்குப் பேட்டன்ட் கிடையாது, கருவிக்கு மட்டும்தான். அந்தக் கிளெய்ம அப்பவே எடுத்துட்டோம். சட்டம் அப்படி இருக்கறது சரின்னுதான் நானும் நெனைக்கறேன், ஒரு நர்ஸ் கை செய்யற வேலைய யாரும் சொந்தம் கொண்டாடக் கூடாது.

ரெண்டாவது பிரிவு 3(எஃப்). தெரிஞ்ச பொருளுங்களப் பக்கத்துல பக்கத்துல வெச்சு, அது அது தன் வேலையத் தனித்தனியா பழைய மாதிரியே செஞ்சா அது கண்டுபிடிப்பு இல்ல. மூடியும் பழசு, சிலிகான் இதழும் பழசு, ஒண்ணா வெச்சிருக்கீங்க, அவ்வளவுதானேன்னு கேட்டாங்க. இதுக்குப் பதில், தனித்தனியா வேலை செய்யலங்கறதக் காட்டறதுதான். இதழ் மட்டும் இருந்தா கஞ்சி சுத்திச் சுத்தி அங்கயே இருக்கும், சன்னல் மட்டும் இருந்தா கஞ்சி அதுவா வராது, மரையத் திருகற அந்த விசைதான் இதழத் தள்ளுது, மரையோட கடைசிச் சுத்து முடியற இடத்துக்கு நேரா சன்னல் இருக்கறதாலதான் வெளிய வருது. ஒண்ண எடுத்தா மத்ததும் நின்னுடும்.

மூணாவதுதான் ரொம்ப நேரம் எடுத்துச்சு. ரெண்டு பழைய பேட்டன்டக் காட்டி, ஒண்ணு கழுவற பள்ளம் வெச்ச பீடிங் கனெக்டர், இன்னொண்ணு உள்ள பிரஷ் முடி வெச்ச பாட்டில் மூடி, இது ரெண்டையும் சேத்தா உங்களோடது வந்துடும், அதனால கண்டுபிடிப்புத் திறன் இல்லன்னு எழுதியிருந்தாங்க. நாங்க சொன்னது, பிரஷ் முடி உதிர்ந்தா டியூபுக்குள்ள போகும், பீடிங் டியூப் செய்யற எந்த ஆளும் முடி உதிர்ற பொருள அங்க கொண்டு வரமாட்டான், அதனால அந்தப் பாட்டில் மூடிய எடுத்து இங்க வெக்கணும்னு யாருக்கும் தோணாதுங்கறது. அத வெறும் வாய்ப்பேச்சா விடாம, சன்னல் எங்க இருக்கணும்ங்கறத மொத கிளெய்முக்குள்ளயே கொண்டு வந்து கிளெய்மச் சுருக்கினோம். ராகிக் கூழ் வெச்சு எடை போட்டுப் பாத்த நோட்டும் ஸ்பெசிபிகேஷன்லயே, அதாவது அப்ளிகேஷனோட எழுதிக் குடுத்த விளக்கத்துலயே, இருந்ததால கை குடுத்துச்சு.

நாலாவது சின்னது, தம்பி ஒரு படிவத்துல கையெழுத்து தேதி போடல.

பட்டறையில செய்யற சின்ன மாத்தத்துக்கெல்லாம் பேட்டன்ட் தருவாங்களா? சும்மா ஒரு மூடிதானே?

இத நிறைய பேரு கேட்டாங்க, கொஞ்சம் மனசு கஷ்டமாவும் இருந்துச்சு, ஆனா கேள்வி நியாயமானது. உச்ச நீதிமன்றமே இதப் பத்தி 1978ல தீர்ப்பு சொல்லியிருக்கு, பிஸ்வநாத் பிரசாத் ராதே ஷியாம் கேஸ். அதுல விஷயம் பாத்திரத்தக் கடைசல் பிடிக்கறப்ப பிடிச்சு நிறுத்தற ஒரு கருவி. பட்டறையில ஒரு நல்ல தொழிலாளி வழக்கமா யோசிச்சுச் செய்யற மாத்தத்த விடக் கொஞ்சம் மேல போயிருக்கணும்னு சொல்லி, அந்தப் பேட்டன்ட்ட ரத்து பண்ணதச் சரின்னாங்க. என் தம்பி இந்தக் கதையக் கேட்டுட்டு ஒரு வாரம் யோசனையாவே இருந்தான், ஏன்னா அவனும் கடைசல் மெஷின்லயே வளந்தவன்.

ஆனா சின்னதா இருக்கறது தப்பில்லைங்க. சின்னதா இருந்தாலும் தோணாததா இருந்தாப் போதும். அதே மாதிரி கண்ட்ரோலரும் வெறுமனே தோணிடும்னு எழுதி நிராகரிக்க முடியாது, பழைய பேட்டன்ட்ல என்ன இருக்கு, உங்களோடதுல என்ன இருக்கு, அதுல இருந்து இதுக்கு எப்படி வந்துட முடியும்னு காரணத்தோட சொல்லணும்னு டெல்லி உயர் நீதிமன்றம் 2022ல அக்ரிபோர்டு கேஸ்ல சொல்லியிருக்கு. எங்க பதில்ல அதையும் சேத்தோம்.

ஹியரிங்ல என்ன கேட்டாங்க?

கோர்ட் மாதிரி இருக்கும்னு நெனச்சு பட்டுப்புடவை எடுத்து வெச்சேன், வீடியோ கால்ல ஒரு கண்ட்ரோலர், நாங்க மூணு பேரு, அரை மணி நேரம். மரியாதையாப் பேசினாங்க. சன்னல் கடைசிச் சுத்துக்கு நேரா இல்லாம வேற இடத்துல இருந்தா என்ன ஆகும்னு கேட்டாங்க. ஏஜென்ட் அம்மா பதில் சொல்றதுக்கு முன்னாடி நான் ரெண்டு மூடியையும் கேமரா முன்னாடி வெச்சு திருகியே காட்டிட்டேன், ஒண்ணுல கூழ் வெளிய வந்துச்சு, இன்னொண்ணுல வரல. காட்டினது மட்டும் போதாது, அத எழுதி 15 நாளுக்குள்ள குடுத்துடணும், அது முக்கியம்.

நீங்க செஞ்ச பெரிய தப்பு எது?

இதுக்காகத்தான் இத்தன எழுதறேன், தயவுசெஞ்சு ரெண்டு தரம் படிங்க.

இதழ் நேரா நிக்கறத விட, மூடி திரும்பற திசைக்கு எதிரா லேசா சாஞ்சு இருந்தா கஞ்சிய நல்லா வழிக்கும். இது எங்களுக்கு மொதல் மாதமே தெரியும், தம்பி மோல்டுலயே அப்படித்தான் வெட்டினான், எங்க அத்தை டியூப்ல போட்டதும் அந்த மூடிதான். ஆனா எழுதறப்ப, அது எங்களுக்கு ரொம்பப் பழகின விஷயமானதால, சிலிகான் இதழ்னு மட்டும் எழுதிட்டோம். படத்துல கூட நேராத்தான் வரைஞ்சிருந்தோம். மொதல்ல தேதி பிடிக்கறதுக்காகப் போடற புரவிஷனல்லயும் இல்ல, அப்புறம் போட்ட கம்ப்ளீட் ஸ்பெசிபிகேஷன்லயும் இல்ல.

எஃப்.இ.ஆர். வந்தப்ப, இந்தச் சாய்வ கிளெய்ம்ல சேத்தா ரெண்டு பழைய பேட்டன்ட்லயும் இது இல்லையே, ஜம்முனு தாண்டிடலாமேன்னு நான் குதிச்சேன். ஏஜென்ட் அம்மா ஸ்பெசிபிகேஷன முழுக்கப் படிச்சுட்டு, எங்கம்மா இருக்குன்னு கேட்டாங்க. பிரிவு 59 படி மொதல்ல எழுதினதுக்குள்ள இருக்கறதத்தான் சுருக்கலாம், திருத்தலாம், விளக்கலாம், புதுசா ஒரு விஷயத்த உள்ள கொண்டு வர முடியாது. கண்ணு முன்னாடி பொருள் இருக்கு, வேலை செய்யுது, ஆனா பேப்பர்ல இல்ல, அதனால எங்களோடது இல்ல.

அதனாலதான் சொல்றேன், கை பழகிப் போய் இதுல என்ன இருக்குன்னு தோணற விஷயத்தத்தான் மொதல்ல எழுதணும். கோணம், தடிமன், எந்தப் பக்கம் திரும்புது, எந்த மெட்டீரியல், எவ்வளவு மிருது, நேரா வெச்சா என்ன, சாய்ச்சு வெச்சா என்ன, செஞ்சு பாத்து வேலை செய்யாதது எது, அது ஏன். வெளியாள் ஒருத்தரக் கூப்பிட்டு மூடிய அவங்க கையில குடுத்து நீங்க என்ன பாக்கறீங்கன்னு கேட்டு அவங்க சொல்றதையும் எழுதுங்க. எங்க வீட்டுக்கு வர்ற பாலியேட்டிவ் நர்ஸ் சேச்சி ஒரு நிமிஷத்துல, இது எந்தா மோளே சரிஞ்ஞிட்டுன்னு (இது ஏம்மா சாஞ்சிருக்குன்னு) கேட்டுட்டாங்க. அவங்கள ஒரு வருஷம் முன்னாடி கேட்டிருக்கணும்.

அப்ப அந்தச் சாய்வு கைய விட்டுப் போயிடுச்சா?

இல்லைங்க. பிரிவு 54ல பேட்டன்ட் ஆஃப் அடிஷன்னு ஒண்ணு இருக்கு, ஏற்கனவே போட்ட கண்டுபிடிப்ப மேம்படுத்தினா அதே ஆளு கூடுதலா ஒண்ணு கேக்கலாம். மெயின் பேட்டன்ட் இருக்கற வரைக்கும்தான் இதுவும் இருக்கும், தனியா ரினியூவல் பீஸ் இல்ல. மெயின் கண்டுபிடிப்போட ஒப்பிட்டா இதுல கண்டுபிடிப்புத் திறன் இல்லன்னு மட்டும் சொல்லி நிராகரிக்க முடியாது, பிரிவு 56 சொல்லுது. ஆனா புதுசா இருக்கணும்.

அங்கதான் ஏஜென்ட் அம்மா என்னைக் கேட்டாங்க, சாஞ்ச இதழ் வெச்ச மூடிய வெளிய யாருக்காவது குடுத்தீங்களா, காட்டினீங்களா, வாட்ஸ்அப்ல போட்டோ போட்டீங்களா? நெஞ்சு அடிச்சுக்கிச்சு. குடுக்கல. எங்க அத்தைக்கு மட்டும் வீட்டுக்குள்ள, மிச்சம் மேசை டிராயர்ல. அந்தச் சேச்சி பாத்ததுகூட அடிஷன் போட்டதுக்கப்புறம்தான். அடிஷன் அப்ளிகேஷன் இப்ப எக்ஸாமினேஷன்ல இருக்கு.

எக்ஸிபிஷன்ல வெச்சா தப்பா? காலேஜ் பசங்க ப்ராஜெக்ட் டேயில வெக்கறாங்களே?

அப்ளிகேஷன் போடறதுக்கு முன்னாடி வெச்சா, பெரும்பாலும் தப்பு. பிரிவு 31ல சலுகை இருக்கு, ஆனா அரசு கெஜட்ல அறிவிச்ச கண்காட்சிக்குத்தான், அதுக்கப்புறம் 12 மாசத்துக்குள்ள போட்டாகணும். காலேஜ் ப்ராஜெக்ட் டே அதுல வராது. குறைஞ்சது ஒரு புரவிஷனலாவது போட்டுட்டு வெளிய எடுங்க தம்பிங்களா. புரவிஷனல் போட்ட நாள்ல இருந்து 12 மாசத்துக்குள்ள கம்ப்ளீட் போட்டாகணும், இல்லன்னா கைவிட்டதாயிடும்.

பேட்டன்ட் கிடைச்சா ஆஸ்பத்திரிக்கு விக்கலாமா?

கூடாது, ரெண்டும் வேற வேற கதவு. பேட்டன்ட்ங்கறது அடுத்தவங்களத் தடுக்கற உரிமை, நம்ம விக்கறதுக்கான அனுமதி இல்ல. நோயாளி மேல படற பொருளுக்கு மெடிக்கல் டிவைசஸ் ரூல்ஸ் 2017 இருக்கு, ஆபத்த வெச்சு ஏ, பி, சி, டின்னு வகை பிரிச்சு லைசென்ஸ். அந்த வேலை முடியாம பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு ஒண்ணு குடுங்கன்னு யார் கேட்டாலும் நான் குடுக்கறதில்ல. கேக்கறப்ப மனசு கேக்காது, ஆனா சிலிகான் கிழிஞ்சு ஒரு துண்டு உள்ள போச்சுன்னா யாரு பதில் சொல்றது.

நடுவுல யாராவது எதிர்ப்பு தெரிவிச்சா?

பப்ளிஷ் ஆனதுல இருந்து கிராண்ட் ஆகறதுக்குள்ள, அதாவது பேட்டன்ட் குடுக்கறதுக்குள்ள, யார் வேணா எதிர்க்கலாம், பிரிவு 25(1). கிராண்ட் ஆனப்புறம் ஒரு வருஷத்துக்குள்ள, சம்பந்தப்பட்டவங்க மட்டும், 25(2). எங்களுக்கு யாரும் பண்ணல. நிராகரிச்சுட்டா முன்னாடி அப்பீலுக்கு ஐ.பி.ஏ.பி.ன்னு தனி வாரியம் இருந்துச்சு, 2021ல கலைச்சுட்டாங்க, இப்ப உயர் நீதிமன்றம்தான். சென்னையில இதுக்குன்னு அறிவுசார் சொத்துப் பிரிவே இருக்கு.

வெளிநாட்டுலயும் செல்லுமா?

செல்லாது, நாட்டுக்கு நாடு தனி. இங்க போட்டு 12 மாசத்துக்குள்ள வெளிய போடலாம். ஆனா இந்தியாவுல குடியிருக்கறவங்க மொதல்லயே வெளிநாட்டுல போடறதா இருந்தா பிரிவு 39 அனுமதி வாங்கணும், இல்ல இங்க போட்டு ஆறு வாரம் காத்திருக்கணும். நாங்க காசு இல்லாததால இந்தியாவோட நிறுத்திட்டோம்.

கிராண்ட் ஆனப்புறம் ஏதாவது கட்டணுமா?

மூணாவது வருஷத்துல இருந்து வருஷா வருஷம் ரினியூவல். 20 வருஷக் கணக்கு கிராண்ட் ஆன நாள்ல இருந்து இல்ல, அப்ளிகேஷன் போட்ட நாள்ல இருந்து. எங்களுக்குப் புரவிஷனல் போட்ட 2022 ஜூன்ல இருந்து ஓடுது, கிராண்ட் ஆனது 2024 அக்டோபர், அப்பவே மூணாம் வருஷம் நடந்துட்டு இருந்ததால அந்தப் பாக்கியக் கட்ட மூணு மாசம் டைம் குடுத்தாங்க. நாலு வருஷத்துக்குச் சேத்து ஆன்லைன்ல முன்கூட்டியே கட்டினா 10 சதவீதம் குறையும். அதுபோக படிவம் 27ன்னு, கண்டுபிடிப்பு இந்தியாவுல பயன்பாட்டுல இருக்கான்னு மூணு நிதியாண்டுக்கு ஒரு தரம் சொல்லணும்.

உங்க அத்தை இப்ப எப்படி இருக்காங்க?

அவங்க போன சித்திரையில தவறிட்டாங்க. கிராண்ட் சர்டிபிகேட்ட அவங்க கையில குடுத்துக் காட்டினேன், அதுல என் பேரத் தடவிப் பாத்தாங்க. மூடி போட்ட டியூப் அவங்ககிட்ட கடைசி வரைக்கும் ஒரு தரம்கூட அடைச்சுக்கல. அந்த மூடிய நான் கழுவி எடுத்து வெச்சிருக்கேன், அடிஷன் ஹியரிங் வந்தா கேமரா முன்னாடி காட்டறதுக்கு.